பழுப்பேறிய தண்ணீர்

தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஆர்.ஓ. மெஷின் விற்கிறவர் எங்கள் தெருவுக்கு வந்தபோது நான் பக்கத்து வீட்டில் சுடிதாருக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன். நல்லம்பள்ளியில் பிளவுசும் சுடிதாரும் தைத்துக் கொடுப்பது என் வேலை. என் கணவர் ஒகேனக்கல் போகும் தனியார் பஸ்ஸில் டிரைவர். பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டை ஒட்டிய ஷெட்டில் கிரில் பட்டறை வைத்திருக்கிறார். நான் அவரை பாய் என்று கூப்பிடுவேன். அவர் மனைவி என்னைவிட வயதில் நிறையச் சின்னவள். அக்கா அக்கா என்று ஒட்டுதலாக இருப்பாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது இடுப்பளவு காம்பவுண்ட் சுவர். அவசரத்துக்குப் பால் பாக்கெட், போன் சார்ஜர் எல்லாம் அதன் மேல்தான் கைமாறும்.

வந்தவரை அழைத்து வந்தது எங்கள் மகளிர் குழுத் தலைவி. ஐம்பதை நெருங்கும் பெண், கறாரான பேச்சு, தெருவில் அவருக்கு ஒரு மரியாதை உண்டு. அவரே ஒரு விற்பனைக்காரரை வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு வருவது எனக்கு முதலில் உறுத்தியது. அந்த ஆள் இஸ்திரி போட்ட சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக இருந்தார். அட்டை திரும்பிக் கிடந்தது. பெயரும் கம்பெனியும் உள்ள பக்கம் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருக்க, வெறும் வெள்ளைப் பக்கம் எங்களைப் பார்த்தது. காற்றில் திரும்பியிருக்கலாம். ஆனால் அவர் பேசி முடிக்கும்வரை அதை நேராக்கவே இல்லை.

"ரெண்டு கண்ணாடி டம்ளர் குடுங்க மேடம். உங்க வூட்டுத் தண்ணி ஒண்ணுல, எங்க மெஷின் தண்ணி ஒண்ணுல. நான் எதுவும் பேசப் போறதில்ல. தண்ணியே பேசும்" என்றார்.

பையிலிருந்து ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியை எடுத்தார். அதன் அடியில் கம்பிக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு டம்ளரில் வீட்டுக் குழாய்த் தண்ணீர். இன்னொன்றில் அவர் பாட்டிலில் கொண்டுவந்த தண்ணீர். இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருந்தன. கம்பிக் கால்களை இரண்டிலும் இறக்கி வயரைப் பிளக்கில் சொருகி ஸ்விட்சைப் போட்டார்.

குழாய்த் தண்ணீரில் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது. பிறகு பச்சையும் மஞ்சளுமாக ஒரு கலங்கல். கொஞ்ச நேரத்தில் டம்ளர் முழுக்கப் பழுப்பேறி, மேலே கசடு மிதந்தது. சாக்கடையில் முகந்ததுபோல் இருந்தது. அவருடைய தண்ணீர் அசையாமல் தெளிவாக நின்றது.

"இத்தன வருசமா நீங்க குடிச்சதுங்க இது" என்றார் மெதுவாக.

பக்கத்து வீட்டுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று பள்ளி விடுமுறை. அவளுடைய மூத்த மகள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆள் அவள் பக்கம் திரும்பி, "பாப்பா, கொஞ்சம் சிரி பாக்கலாம்" என்றார்.

அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். பால்பல் விழுந்து புதிதாக முளைத்த முன்பற்களில் அவளுக்குக் காவிக் கோடுகள் உண்டு. தேய்த்தால் போகாதவை. பள்ளியில் யாரோ ஏதோ சொன்னதிலிருந்து கை வைத்து மறைத்துத்தான் சிரிப்பாள். அந்த ஆளுக்கு அது எப்படித் தெரியும்? உள்ளே வந்ததிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை. தலைவி முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்று அப்போதே நினைத்தேன்.

"மறைக்காத பாப்பா. இந்த டம்ளர்ல இருக்கற கலரும் உன் பல்லுல இருக்கற கலரும் ஒண்ணுதான்" என்றார்.

குழந்தையின் அம்மா முகம் வெளுத்துவிட்டது. அந்த நிமிடமே மெஷினுக்குச் சொல்லிவிட்டாள். வரும் ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் குழு கூட்டம் இருக்கிறது, அங்கே எல்லோருக்கும் செய்து காட்டி ஆர்டர் எடுப்பதாகச் சொல்லிவிட்டு அவர் கிளம்பத் தயாரானார். கிளம்பும் முன் கம்பிக் கால்களை ஒரு துணியில் அவசரமாகத் துடைத்தார். அந்தத் துணியைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைத் துணி முழுக்கச் செம்பழுப்புக் கறை. தையல்காரிக்கு அந்தக் கறையைத் தெரியாமல் இருக்காது. ஈரத்தில் கிடந்த குண்டூசியைப் புதுத் துணியில் குத்திவைத்தால் மறுநாள் அதே நிறத்தில் ஒரு பொட்டு இருக்கும். சோப்புக்கும் போகாது, வெயிலுக்கும் போகாது. அது துரு.

அவர் போனதும், "கொஞ்சம் பொறு. ஞாயித்துக்கெழம வரைக்கும் பாரு" என்றேன் அவளிடம்.

"எதுக்குக்கா பொறுக்கணும்? கண்ணால பாத்தோமே."

"பாத்தது என்னன்னு தெரியணுமில்ல."

"உங்க பொண்ணு பல்லு நல்லா இருக்குதுக்கா. அதனால உங்களுக்குப் பொறுக்க முடியுது" என்றாள்.

என் மகள் பிறந்து வளர்ந்தது கோயம்புத்தூரில். கணவர் அப்போது அங்கே ஒரு மில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். மகளுக்குப் பல்லெல்லாம் முளைத்த பிறகுதான் நாங்கள் இந்தப் பக்கம் வந்தோம். இப்போது அவள் சேலத்தில் காலேஜ் படிக்கிறாள். அதையெல்லாம் சொல்லி என்ன பயன்? அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சந்தேகப்படுவது என் பிறவிக் குணம். பால்காரர் புதுப் பாத்திரத்தில் ஊற்றினால் ஏன் பாத்திரத்தை மாற்றினார் என்று யோசிப்பேன். இந்தத் தடவை யோசனை தண்ணீரைச் சுற்றி வந்தது. இவ்வளவு அழுக்கு அதில் இருந்தால் கரண்ட் பாயும் முன் எங்கே ஒளிந்திருந்தது? எங்கள் தண்ணீரையே எங்கள் கண்ணெதிரே சுத்தம் பண்ணிக் காட்டாமல், அவர் ஏன் பாட்டிலில் கொண்டுவர வேண்டும்? பாட்டில் தண்ணீரில் ஏன் ஒரு குமிழிகூட வரவில்லை? கடைசிக் கேள்வியில்தான் எனக்கு நான் படித்த பாப்பிரெட்டிப்பட்டிப் பள்ளிக்கூடம் ஞாபகத்துக்கு வந்தது.

பிளஸ் டூவில் நான் சயின்ஸ் குரூப். வேதியியல் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத பாடம். சமன்பாடுகளை இரண்டு பக்கமும் சரிக்கட்டுவதற்குள் தலை கிறுகிறுக்கும். பிடித்த பாடம் கணக்குதான், அதுவும் வடிவியல். பிளவுசுக்குக் கைக்குழி வளைவு வெட்டும்போதெல்லாம் இன்றைக்கும் அது கைகொடுக்கிறது. "பன்னெண்டாவது சயின்ஸ் படிச்சிட்டுப் பிளவுஸ் தைக்கறியே" என்று கணவர் கேலி செய்வார். கணக்காவது துணி வெட்ட உதவுகிறது, வேதியியலால் எனக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஆனால் ஒரே ஒரு சோதனை மட்டும் மறக்கவில்லை. வாத்தியார் மேஜைமேல் ஒரு பீக்கரில் காய்ச்சி வடித்த நீர் வைத்து, இரண்டு கம்பிகளை இறக்கி, கூடவே ஒரு பல்பை இணைத்தார். பல்பு எரியவில்லை. ஒரு சிட்டிகை உப்பைப் போட்டார், எரிந்தது. வகுப்பே கை தட்டியது. எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. மேஜைக்கு அடியில் ஸ்விட்ச் ஏதோ இருக்கிறது, உப்புப் போடும் சாக்கில் முழங்காலால் அழுத்தியிருப்பார் என்று நினைத்தேன். மணி அடித்து எல்லோரும் வெளியே போனதும் குனிந்து பார்த்தேன். மேஜைக்கு அடியில் சிலந்தி வலைதான் இருந்தது. நம்பாமல் குனிந்து பார்த்ததால்தானோ என்னவோ, மற்றதெல்லாம் மறந்தும் அது மட்டும் மனதில் தங்கிவிட்டது. சுத்தமான நீரில் மின்சாரம் சரியாகப் பாயாது. உப்பு கலந்தால் பாயும்.

அப்படியானால் அந்த ஆளுடைய டம்ளரில் எதுவும் நடக்காமல் போனதற்கு அங்கே மின்சாரமே சரியாக ஓடாததுதான் காரணமாக இருக்கலாம். எங்கள் டம்ளரில் மின்சாரம் ஓடியது. ஓடி, எதையோ கரைத்தது.

மறுநாள் மதியம் பட்டறைக்குப் போனேன். பாய் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தார். பழைய வேன் பேட்டரி ஒன்றும் நாலு ஆணியும் வேண்டும் என்றேன். என் வீட்டு இன்வெர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் கேனைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். காய்ச்சி வடித்த நீர் என்பதும் அதுதான். விஷயத்தைச் சொன்னதும் அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. வேற கம்பெனிக்காரங்க யாராச்சும் உங்ககிட்ட வந்து பேசுனாங்களா?"

"இல்லங்க பாய்."

"அப்ப உங்களுக்கு ஏன் இவ்ளோ அக்கறை?"

நியாயமான சந்தேகம். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். "எனக்குத் தெரிஞ்சாகணும், அவ்ளோதாங்க" என்றேன்.

குழாய்த் தண்ணீரில் இரண்டு ஆணிகளைத் தொங்கவிட்டு பேட்டரியோடு இணைத்தோம். ஓர் ஆணியில் குமிழி கோத்தது. இன்னோர் ஆணியைச் சுற்றிப் பாசிபோல் ஒன்று கிளம்பி, மெல்லப் பழுப்பாகியது. டிஸ்டில்ட் வாட்டரில் ஒன்றும் இல்லை. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம், அப்போதும் இல்லை. பிறகு நான் சமையல் உப்பை ஒரு சிட்டிகை போட்டேன். சீறுவதுபோல் குமிழி வந்தது. ஒரு குறையும் சொல்ல முடியாத அந்தத் தண்ணீர் எங்கள் கண்ணெதிரே பழுப்பேறிக் கலங்கியது.

பாய் ஆணியை வெளியே எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். சொரசொரவென்று அரித்திருந்தது.

"இரும்புதான் கரையுது. தண்ணியில ஒண்ணும் இல்ல" என்றார். பிறகு உள்ளே பார்த்து, "இவளுக்கு எப்டிச் சொல்றது?" என்றார். அவளுக்குச் சொல்லும் வேலையை என்னிடமே விட்டுவிட்டார். அவள் நம்பவில்லை. ஆணியும் பேட்டரியும் வேறு, அவர் கொண்டுவந்த பெட்டி வேறு என்றாள். அதுவும் நியாயம்தான். அந்தப் பெட்டியிலேயே செய்து காட்ட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை உப்பை ஒரு தாளில் மடித்து எடுத்துக்கொண்டு போனேன். சமுதாயக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்திருந்தன. தலைவி முன்வரிசையில் அந்த ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எத்தனை பேரைச் சேர்த்துவிட்டால் இவருக்கு என்ன கிடைக்கும் என்ற கணக்கில் என் மனம் ஓடிக்கொண்டிருந்தது. அதேபோல் இரண்டு டம்ளர், அதே கறுப்புப் பெட்டி, அதே பழுப்பு. பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். ஒருவர் போனில் வீடியோ எடுத்தார்.

நான் எழுந்து நின்றேன். "உங்க டம்ளர்ல இந்த உப்பக் கொஞ்சம் போட்டுட்டு மறுபடி செஞ்சு காட்டுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "அப்டியெல்லாம் செய்ய கம்பெனியில பெர்மிஷன் இல்லீங்க மேடம்."

"உப்புதாங்க. நீங்களும் நானும் தினமும் திங்கறது."

"மேடம், டைம் இல்ல. இன்னொரு ஊருக்குப் போகணும்."

கூட்டத்தில் சலசலப்பு. யாரோ என்னை உட்காரச் சொன்னார்கள். அப்போது தலைவிதான் பேசினார்.

"போட்டுத்தான் பாருங்களேன். என்ன ஆயிடப் போவுது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் தடுப்பார் என்றுதான் எதிர்பார்த்திருந்தேன். விற்பனைக்காரருக்கும் அது எதிர்பாராதது என்பது முகத்தில் தெரிந்தது. வேறு வழியில்லாமல் என் தாளை வாங்கி உப்பைக் கொட்டி ஸ்விட்சைப் போட்டார். உப்பு கரைந்த அவருடைய சுத்தமான தண்ணீர், எங்கள் தண்ணீரைவிடச் சீக்கிரமாகவும் அடர்த்தியாகவும் பழுப்பாயிற்று.

"உப்புல அழுக்கு இருக்குதுங்க" என்றார்.

எதிர்க்கடையில் புதுப் பாக்கெட் வாங்கி வந்து பிரித்துப் போட்டார்கள். மறுபடியும் அதேதான். பின்வரிசையில் சிரிப்பு கிளம்பி முன்வரிசைக்கு வந்தது. அவர் பெட்டியைப் பைக்குள் வைத்து வயரைச் சுற்ற ஆரம்பித்தார். நான் உப்புத் தாளை எடுக்கப் பக்கத்தில் போனபோது தலை நிமிராமலே சொன்னார்.

"டிரெய்னிங்ல அப்டித்தாங்க சொல்லிக் குடுத்தாங்க. இது வித்தைதான், ஒத்துக்கறேன். ஆனா இத வெச்சு உங்க தண்ணி நல்ல தண்ணின்னு நெனைச்சுக்காதீங்க."

தோற்றுப் போனவர் பேச்சு என்று அதை ஒதுக்கிவிட்டேன். ஒதுக்கினேனே தவிர, அது ஒதுங்கவில்லை.

மாலைக்குள் அந்த வீடியோ தெருவின் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றியது. எங்கள் தெருத் தண்ணீர் சுத்தம், ஏமாற்றுக்காரரை விரட்டிவிட்டோம் என்று எழுதியிருந்தார்கள். கை கூப்பிய படங்கள், பூங்கொத்துப் படங்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. அந்தப் பெட்டி பொய் சொல்கிறது என்று மட்டும்தான் காட்டினேன். பெட்டி பொய் சொன்னால் தண்ணீர் நல்லது என்று ஆகிவிடுமா? பாராட்டு வர வர எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்தது.

பக்கத்து வீட்டுப் பெண் சுவரோரம் வந்து நின்றாள். சிரிக்கவில்லை.

"நீங்க சொன்னது சரிதான்க்கா. நான் ஏமாறப் பாத்தேன். ஆனா எம் பெரியவ பல்லு ஏன் அப்டி ஆச்சு? அதுக்கு யாரும் பதில் சொல்லலையே."

அந்த ஆள் கடைசியாகச் சொன்னது மறுபடி காதில் கேட்டது.

அடுத்த நாள் தலைவி பிளவுஸ் வாங்க வந்தார். நேராகவே கேட்டுவிட்டேன். "அந்த ஆளு உங்களுக்கு என்ன தர்றேன்னு சொன்னாருங்க?"

"ஒரு மெஷின் சும்மா தர்றேன்னாரு" என்றார், மறைக்காமல். "தந்தா எங்கண்ணன் வூட்டுக்குக் குடுக்கலாம்னு இருந்தேன்."

அவருடைய அண்ணன் பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். வாழ்நாள் முழுக்க ஒரே போர்வெல் தண்ணீரைக் குடித்தவர். இப்போது முதுகு கூன் விழுந்து, கழுத்து இறுகி, யாராவது கூப்பிட்டால் உடம்போடுதான் திரும்ப வேண்டுமாம். ஆஸ்பத்திரியில் தண்ணீரில் உள்ள ஃப்ளோரைடு என்று சொன்னார்களாம். பல்லையும் அதுதான் கெடுக்கும் என்றார்களாம்.

"அதான் அந்தப் புள்ள பல்லப் பத்தி அவருகிட்டச் சொன்னேன். நம்ம தெருவுல யாராச்சும் பயந்தாத் தேவலைன்னு இருந்துச்சு. நீ உப்பு போடறப்ப நானும் பாக்கணும்னுதான் நெனைச்சேன். எனக்கும் அந்த ஆளு மேல முழுசா நம்பிக்கை இல்ல."

நான் அவரைச் சந்தேகப்பட்டதில் பாதி சரி, பாதி தப்பு. எந்தப் பாதிக்கு வருத்தப்படுவது என்று தெரியாமல் கொக்கி தைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஃப்ளோரின் என்ற பெயரைத் தனிமங்களின் அட்டவணையில் ஓர் ஓரமாக மனப்பாடம் செய்திருக்கிறேன், ஃப்ளோரைடு அதிலிருந்து வருவது. ஒன்று மட்டும் உறுதியாகத் தெரியும், தண்ணீரில் அதற்கு நிறமில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அந்த ஆள் துருவைக் காட்டி விற்க வந்திருக்கிறார். அது இருக்கிறதா இல்லையா என்று ஆணியும் பேட்டரியும் சொல்லாது. தருமபுரியில் தண்ணீர் பரிசோதனை செய்யும் இடம் இருக்கிறது என்று கணவர் விசாரித்துச் சொன்னார்.

தெருக்குழாயில் ஒரே நேரத்தில் இரண்டு பாட்டில் பிடித்தேன். இரண்டுக்கும் வேறு வேறு தெருவின் பெயரை எழுதினேன். பக்கத்து வீட்டுப் பெண், "எதுக்குக்கா ரெண்டு?" என்றாள்.

"ஒரே தண்ணிக்கு ரெண்டு விதமா சொன்னாங்கன்னா அவங்க ஒழுங்காப் பாக்கலன்னு அர்த்தம்."

"நீங்க போலீஸ்ல சேந்திருக்கணும்" என்றாள். பல நாளைக்குப் பிறகு அப்போதுதான் என்னிடம் சிரித்தாள்.

இருவரும் பஸ்ஸில் போய்க் கொடுத்துவிட்டு வந்தோம். சொன்ன நாளில் மறுபடி போனபோது அங்கிருந்த அம்மா இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ரெண்டு தெருன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டும் ஒரே தண்ணி மாதிரி இருக்குதே."

ஒப்புக்கொண்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஃப்ளோரைடு இருக்க வேண்டிய அளவைவிடக் கூடுதலாக இருக்கிறது என்றார். பக்கத்தில் நின்றவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்களுக்கு ஒகேனக்கல் தண்ணிதாங்க வருது. ஆத்துத் தண்ணியில எப்டி?" என்றேன்.

"அன்னிக்கு டேங்க்ல எந்தத் தண்ணி இருந்துச்சுன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றியதில்லை. கிளம்பும் முன் அந்த அம்மாவிடம் இன்னொன்றும் கேட்டேன், கேட்காமலே வந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் தயங்கிவிட்டுத்தான். "இந்த ஆர்.ஓ. மெஷின் வெச்சா இது கொறையுங்களா?"

"நல்ல மெஷினா இருந்து, ஒழுங்காப் பராமரிச்சா கொறையும்" என்றார்.

ஆக, அவர் காட்டியது பொய், விற்க வந்த பொருள் பொய் இல்லை.  திரும்பி வரும் பஸ்ஸில் அதியமான்கோட்டை தாண்டும்போது அவள் சொன்னாள். "அந்த ஆளு உண்மையே சொல்லியிருந்தா நாங்க வாங்கியிருப்போமாக்கா? நெறமே இல்லாத ஒண்ணு இருக்குதுன்னு சொன்னா யாரு நம்புவாங்க?"

தொட்டி பார்த்துக்கொள்பவர் எங்கள் தெருக்காரர்தான். போய்க் கேட்டதும் எந்த ஒளிவும் இல்லாமல் சொன்னார். ஆற்றுத் தண்ணீர் போதவில்லை என்றால் அன்றைக்குப் போர் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்புவார்களாம். நாங்கள் பாட்டில் பிடித்த அன்றும் அப்படித்தானாம். "வெறும் கொழாயா வுட்டா நீங்கதானேங்க சண்டைக்கு வர்றீங்க? இது எல்லாருக்கும் தெரியும்னு நெனைச்சேன்" என்றார். எந்த நாள் எந்தத் தண்ணீர் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

இங்கேயும் பள்ளிப் பாடம்தான் வழி காட்டியது, இந்தத் தடவை இன்னும் சின்ன வகுப்புப் பாடம். கடின நீரில் சோப்பு நுரைக்காது, மென்னீரில் நுரைக்கும். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரில் துவைத்தால் சோப்பு திரிதிரியாகத் தயிர்போல் ஒதுங்கும். இதை நான் துணி துவைக்கும்போது எத்தனையோ தடவை பார்த்து, மலிவான சோப்பு என்று கடைக்காரரைத் திட்டியிருக்கிறேன். தொட்டிக்காரரிடம் சொல்லி வைத்து, போர் தண்ணீர் வந்த நாளில் ஒரு பாட்டிலும் ஆற்றுத் தண்ணீர் வந்த நாளில் ஒரு பாட்டிலும் பிடித்தோம். அவளை அந்தப் பக்கம் திரும்பச் சொல்லிவிட்டு இரண்டிலும் சோப்புச் சீவலைப் போட்டுக் குலுக்கினேன். எது எது என்று அவளே நுரையைப் பார்த்துச் சொன்னாள். சரியாகச் சொன்னாள். சோப்புக்கு ஃப்ளோரைடு தெரியாது. அது சொல்வதெல்லாம், வந்திருப்பது ஆறா போரா என்பதை மட்டும்தான். அதனால் ஆற்றுத் தண்ணீரையும் தருமபுரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அது சரியான அளவில் இருக்கிறது என்று சொன்னார்கள். அதன் பிறகுதான் எனக்கு நிம்மதி.

தலைவி அடுத்த மாதக் குழு கூட்டத்தில் என்னைப் பேச வைத்தார். தண்ணீர் சுத்தம் என்று மெசேஜ் போட்டவர்களிடமே, குடிக்க ஏற்றதில்லாத நாளும் உண்டு என்று சொல்ல வேண்டியிருந்தது. அன்று என் உப்பைப் பாராட்டியவர்கள் இன்று முகத்தைச் சுளித்தார்கள். "அன்னிக்கு ஒண்ணு சொன்ன, இன்னிக்கு ஒண்ணு சொல்ற" என்று ஒருவர் கேட்டார். மெஷின் கம்பெனிக்காரர் என்னைப் பார்த்துப் பேசிவிட்டார் என்று ஒரு பேச்சு சில நாள் தெருவில் இருந்தது. என் காதுக்கும் வந்தது. சந்தேகப்படுகிறவளுக்கு இதில் கோபப்பட உரிமை இல்லை என்று விட்டுவிட்டேன். சிலர் பாட்டிலில் சோப்பைக் குலுக்க ஆரம்பித்தார்கள். சிலர் சட்டை செய்யவில்லை.

பாய் கொஞ்ச நாள் கழித்து தருமபுரிக் கடை ஒன்றில் மெஷின் வாங்கி மாட்டினார். அதிலிருந்து வந்த தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லும் முன்பே அவர் பாட்டிலைத் துடைத்து எடுத்து வைத்திருந்தார். தலைவி தன் அண்ணன் வீட்டுக்கும் ஒன்று வாங்கிப் போனார். அண்ணன் கழுத்து இனி நிமிரப் போவதில்லை, பேரன் பேத்திகளுக்காவது ஆகட்டும் என்றார்.

மூத்த மகளைப் பல் டாக்டரிடம் காட்டினார்கள். தண்ணீரை மாற்றினாலும் இந்தக் கோடுகள் போகாது, பெரியவளானதும் மேலே பூச்சு வைத்துச் சரிசெய்யலாம் என்றார் டாக்டர். இரண்டாவது மகளுக்குத்தான் இன்னும் வாய்ப்பு இருக்கிறது, நிலைப்பற்கள் ஈறுக்குள்ளேயே உருவாகிக்கொண்டிருக்கும் என்றார். மூத்தவளுக்கு அது எப்படிப் பட்டிருக்கும் என்று தெரியவில்லை. தங்கை கொடுத்துவைத்தவள் என்று ஒரு தடவை என்னிடம் சொன்னாள், கையால் வாயை மறைத்துக்கொண்டே.

போன மாதம் ஒரு காலையில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். சின்னவளுக்குக் கீழ் வரிசைப் பால்பல் விழுந்து, அந்த இடத்தில் புதுப் பல்லின் விளிம்பு தெரிந்திருக்கிறது. அம்மா அவளை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். அரிசி முனை அளவுக்கு வெளியே வந்திருந்தது. வெள்ளையாகத்தான் இருந்தது.

"நல்லா இருக்குதில்லக்கா? தண்ணி மாத்துனதாலதான்."

அந்தப் பல் நாங்கள் தண்ணீரை மாற்றுவதற்கு வெகு முன்பே ஈறுக்குள் உருவாகத் தொடங்கியிருக்கும். அது வெள்ளையாக வந்தாலும் எங்கள் பாட்டில்களுக்கும் மெஷினுக்கும் அது சாட்சி ஆகாது. இனி வரப்போகும் பற்களைப் பார்த்தால்தான் எதையும் சொல்ல முடியும். இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன்.

"நல்லா இருக்குது. முழுசா வரட்டும்" என்றேன்.

சின்னவள் வாயை மூடிக்கொண்டு, விரலால் அந்த விளிம்பைத் தடவியபடியே அக்காவிடம் காட்ட உள்ளே ஓடினாள்.